சின்ன ரிவால்வர்: தேர்வும் பயிற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காப்புக்காக உரிமத்தோடு ஒரு சின்ன ரிவால்வரை உடம்போடு வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வைத்திருக்க ஒரு விதி, வெளியே எடுத்துச் செல்ல வேறு விதி, சுடலாமா கூடாதா என்பதற்கு இன்னொரு விதி. இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கு அடுத்த கட்டம்.

சின்ன ரிவால்வர் என்றால் எது?

இரண்டு அங்குலத்தை ஒட்டிய பேரல் (குண்டு வெளியேறும் குழல்), ஐந்து அல்லது ஆறு தோட்டா பிடிக்கும் சிலிண்டர், பேண்ட் பாக்கெட்டில் அடங்கும் உடல். ஆறு தோட்டா பிடித்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927லேயே வந்துவிட்டது. ஆனால் இன்று இந்த வகையைச் சொன்னதும் நினைவுக்கு வரும் வடிவத்தைத் தந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த ஐந்து தோட்டா ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’. அந்த அளவு உடலுக்கு ‘ஜே ஃபிரேம்’ என்று பெயர். 642, 442, 640 என்று கடையில் காதில் விழும் எண்கள் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். 2009இல் ரூகர் நிறுவனம் எல்சிஆர் என்ற ரிவால்வரை வெளியிட்டது. உடலின் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் வகைப் பாலிமரில் செய்திருந்தார்கள். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் அதன் ட்ரிகர் புதிதாக வாங்கிய நிலையிலேயே வழுவழுப்பாக இருந்ததால் நிலைத்துவிட்டது.

அதே அளவில் பத்துத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல்கள் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு?

நியாயமான கேள்வி. தோட்டா எண்ணிக்கையிலும் மறுபடி நிரப்பும் வேகத்திலும் ரிவால்வர் தோற்றுப்போகும், அதில் வாதம் இல்லை. அது ஜெயிக்கிற இடங்கள் வேறு. பிடி உருண்டையாக இருப்பதால் பாக்கெட்டுக்குள் கை போனதும் விரல்கள் தாமாக அதன் இடத்தில் அமர்ந்துவிடும். எதிராளி மேலே விழுந்து நெருக்கும்போது பிஸ்டலின் மேல் பகுதி சற்றே பின்னால் தள்ளப்பட்டால் அது சுடாது, ரிவால்வருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ட்ரிகரை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலின் மேல் பகுதியைப் பின்னுக்கு இழுக்கக் கையில் பலம் இல்லாதவர்களும் இதன் சிலிண்டரைத் திறந்து மூடிவிடலாம்.

எந்நேரமும் இடுப்புப் பட்டையில் பிஸ்டல் வைத்துக்கொள்ள முடிகிறவருக்கு நான் ரிவால்வரைச் சொல்லமாட்டேன். ஆடை, வேலை, உடல்வாகு காரணமாக அது முடியாதவருக்குச் சொல்வேன்.

புதிதாகக் கற்பவருக்கு இதுதான் எளிது என்கிறார்களே?

கையாள எளிது, குறி வைத்து அடிக்கக் கடினம். கடைக்காரர் பாதியை மட்டும் சொல்கிறார். குறிப்பாகப் பெண்கள் கடைக்குப் போனால், இருப்பதிலேயே லேசான, குட்டியான ரிவால்வரை எடுத்து நீட்டுவது பல கடைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. சுட்டுப் பழகியவர்களே திணறும் கருவியை முதல் நாளிலேயே ஒருவர் கையில் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி அல்ல.

கணக்கைப் பாருங்கள். துப்பாக்கியின் எடை சுமார் 400 கிராம். அதன் ட்ரிகரை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை நாலரை முதல் ஐந்தரைக் கிலோ. துப்பாக்கியின் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேலான விசையை ஒற்றை விரலால் கொடுக்கிறோம். அந்த நேரத்தில் துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும் என்றால் மிச்சக் கை மொத்தமும் வேலை செய்தாக வேண்டும்.

அடுத்தது, குறி பார்க்கும் முன் முனைக்கும் பின் பள்ளத்துக்கும் இடையில் உள்ள தூரம். இந்தக் குட்டிகளில் அது ஏறத்தாழ 9 செ.மீ. முன் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் குண்டு கிட்டத்தட்ட 8 செ.மீ. விலகி விழும். அதே பிழைக்கு 15 செ.மீ. இடைவெளி உள்ள பெரிய துப்பாக்கியில் 5 செ.மீ.க்கும் குறைவுதான். ஆக, பெரிய துப்பாக்கி மன்னித்துவிடும் பிழையை இது அட்டையில் எழுதிக் காட்டும்.

முடிந்தால் முதலில் நான்கு அங்குல பேரல் உள்ள, கனமான எஃகு ரிவால்வரில் கற்றுக்கொள்ளுங்கள். ட்ரிகர் கைவந்த பிறகு சின்னதுக்கு வரலாம்.

லேசானதை வாங்கவா, கனமானதை வாங்கவா?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தோராயமாக மூன்று படிகள் உண்டு. அலுமினிய உடல் கொண்ட 642, பாலிமர் கலந்த எல்சிஆர் போன்றவை 380 முதல் 420 கிராம் வரை. ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் செய்த 340பிடி போன்றவை 330 கிராம் அளவில். முழு எஃகில் செய்த 640, ரூகர் எஸ்பி101 போன்றவை 600 கிராமைத் தாண்டி 700க்கும் மேல் போகும்.

காலையில் பாக்கெட்டில் போடும்போது 330 கிராம் சொர்க்கம். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், அதே துப்பாக்கியில் வலிமை கூடிய .357 மேக்னம் தோட்டாவை நிரப்பிச் சுட்டுப் பார்த்தவர்கள் இரண்டாவது சிலிண்டரைச் சுட ஆசைப்படுவதில்லை. உள்ளங்கையில் கட்டையால் அடித்தது போல இருக்கும். வலிக்கிற துப்பாக்கியை மனம் தானே ஒதுக்கும். பயிற்சி குறையும், குறையக் குறையப் பயம் கூடும், கடைசியில் அது சுடத் தெரியாத ஒருவர் பாக்கெட்டில் தூங்கும் உலோகமாகிவிடும். எஃகு ரிவால்வரின் கதை தலைகீழ். சுட இதமாக இருக்கும், ஆனால் பாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கும், நாலு நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

என் கணிப்பு: பெரும்பாலானோருக்கு 400 கிராமை ஒட்டிய .38 ஸ்பெஷல் ரிவால்வர் போதும். இடுப்பில்தான் வைப்பேன் என்பவர் தயங்காமல் எஃகுக்குப் போகலாம். 330 கிராம் ரகத்தை, வேறு எதையும் வைத்துக்கொள்ளவே முடியாத உடையில் இருப்பவர்களுக்கு மட்டும் விட்டுவிடலாம்.

ஹேமர் வெளியே தெரிவது நல்லதா, உள்ளே மறைந்தது நல்லதா?

ஹேமர் என்பது ட்ரிகரை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சின்னச் சுத்தி. பாக்கெட் என்றால் மறைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேமர் துணியில் மாட்டும், அதுவும் அவசரத்தில் நிச்சயம் மாட்டும். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் ட்ரிகர் லேசாக இருக்குமே என்பார்கள். உண்மைதான், அட்டையில் அழகாகப் படும். ஆனால் கை நடுங்கும் நேரத்தில் அவ்வளவு லேசான ட்ரிகர் ஆபத்து. சுடாமல் முடிந்துவிட்டால் நடுங்கும் கையோடு அந்த ஹேமரை மெல்ல இறக்கி வைக்கவும் வேண்டும்.

எந்த அளவுத் தோட்டா?

.38 ஸ்பெஷல். நூறு வருடத்துக்கும் மேலான தோட்டா, சின்ன உடலுக்கும் உதைப்புக்கும் இடையில் நல்ல சமரசம்.

.357 மேக்னம் ரிவால்வரில் .38 தோட்டாவைப் போட்டுச் சுடலாம், மாற்றிச் செய்ய முடியாது. மேக்னத்தின் கூடு, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறை, .38இன் கூட்டைவிட 3 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம், அதனால் .38 அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைக்குள்) முழுதாக இறங்காது. ரெண்டு அங்குல பேரலில் மேக்னத்தின் வெடிமருந்தில் ஒரு பகுதி முழுதாக எரிய இடமில்லாமல் வாய்ப்பக்கம் தீப்பந்தாகவும் சத்தமாகவும் வெளியே போகிறது. நமக்கு மிஞ்சுவது கூடுதல் வேகம் கொஞ்சம், கூடுதல் உதைப்பு நிறைய.

.32 வகைத் தோட்டாக்களைப் பலர் மறந்துவிட்டார்கள். அதே அளவு உடலில் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா, உதைப்பும் குறைவு. மணிக்கட்டு வலி உள்ளவர்கள், வயதானவர்கள் இதைத் தேடிப் பார்க்கலாம். எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்காது என்பதுதான் குறை.

.22 தோட்டா மலிவு, எல்சிஆரில் எட்டுப் பிடிக்கும், உதைப்பு மிகக் குறைவு. ஆனால் அதன் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்பில் பரவி இருக்கிறது, மற்ற தோட்டாக்களைப் போல நடுவில் தனிக் குப்பியில் இல்லை. அதனால் வெடிக்காமல் போவது கொஞ்சம் அதிகம். பயிற்சிக்கு அருமையான ஜோடி. தற்காப்புக்கு, வேறு எதுவும் கை தாங்காது என்றால் மட்டும்.

தற்காப்புக்கு எந்த வகைக் குண்டு போட வேண்டும்?

நுனியில் குழி உள்ள குண்டு உடலில் பட்டதும் விரியும் என்பது கணக்கு. அது விரிய வேகம் வேண்டும். சின்ன பேரலில் அந்த வேகம் குறைவு, கனமான துணியைக் கடக்கும்போது குழி துணியால் அடைபட்டு விரியாமல் போவதும் உண்டு. குட்டை பேரலுக்கென்றே வடிவமைத்த தோட்டாக்கள் இருக்கின்றன, வாங்கினால் அவற்றை வாங்குங்கள். பெட்டியில் ‘+பி’ என்று போட்டிருந்தால் அழுத்தம் கூடிய தோட்டா என்று பொருள். உங்கள் ரிவால்வர் அதற்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள். பழைய அலுமினிய ரிவால்வர்கள் பல ஏற்றவை அல்ல.

நுனி தட்டையான ‘வாட்கட்டர்’ குண்டை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடை, மெதுவான வேகம், உதைப்பு மிகக் குறைவு. விரிவதை நம்பியே இல்லாத குண்டு. தட்டை நுனியால் காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டது போல ஓட்டை விழும். இலக்கு அட்டைக்காக உண்டான இதை அனுபவசாலிகள் பலர் தற்காப்புக்கும் வைத்திருக்கிறார்கள். வலிமையான தோட்டாவில் ஒன்று பட்டு நான்கு தவறுவதைவிட இது மேல். ஒரே தொந்தரவு, நுனி தட்டை என்பதால் மறுபடி நிரப்பும்போது அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகாது.

மிக லேசான ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்தாக வேண்டும். உதைப்பின் வேகத்தில் கூடு பின்னால் போக, குண்டு மட்டும் முன்னால் நழுவி நீளலாம். அது சிலிண்டரின் வாயைத் தாண்டினால் சிலிண்டர் சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். ஐந்தில் ஒரு தோட்டாவின் நீளத்தை முன்பே அளந்து வைத்து, மற்ற நான்கையும் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

பழைய ரிவால்வர் வாங்கலாமா?

தாராளமாக, பார்த்து வாங்கினால். முதலில் சிலிண்டரைத் திறந்து காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டு, மூடிய சிலிண்டரின் மேல் விரலை லேசாக உரசவிட்டபடி ட்ரிகரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் விழுவதற்கு முன்பே ‘க்ளிக்’ என்று சிலிண்டர் பூட்ட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இதையே செய்யுங்கள். ஒன்றில் பூட்டவில்லை என்றாலும் அறையும் பேரலும் நேராக நிற்கவில்லை என்று பொருள், சுடும்போது ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: மெல்லியதாக, சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பேரலுக்குள் கறுப்பு வளையம் போல ஏதாவது தெரிந்தால் உள்ளே குண்டு சிக்கி, பின்னால் வந்த குண்டு அதில் மோதியிருக்கிறது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மிகப் பழைய மாடல்களில், கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் உள் ஏற்பாடு இருக்காது. அப்படிப்பட்டவை அலமாரிக்கு அழகு, பாக்கெட்டுக்கு வேண்டாம்.

எப்படிப் பிடிப்பது? பிஸ்டலைப் பிடிக்கிற மாதிரியேதானா?

இல்லை, இதில் ஒரு ஆபத்தே இருக்கிறது. பிஸ்டலில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அந்த விரல் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள சந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சுடும்போது அந்தச் சந்திலிருந்து பக்கவாட்டில் சீறும் சூடான வாயு தோலைக் கிழித்துவிடும், மேக்னத்தில் காயம் மோசமாகவே இருக்கும். கட்டைவிரல்கள் இரண்டையும் பின்னால், ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து அழுத்துங்கள்.

கை பிடியில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏறட்டும். சுண்டுவிரல் தொங்கினால் பிடி குட்டை. பெட்டியோடு வரும் பிடியை மாற்றுவதுதான் இந்தத் துப்பாக்கிக்கு நீங்கள் செய்யும் மிக மலிவான மேம்பாடு. பின்பக்க உலோகத்தையும் மூடுகிற ரப்பர் பிடி உதைப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் ரப்பர் பாக்கெட் துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே வர அடம்பிடிக்கும். பாக்கெட்டுக்கு வழவழப்பான மரமோ கெட்டி பிளாஸ்டிக்கோ, இடுப்புக்கு ரப்பர்.

ட்ரிகரை எப்படி இழுப்பது?

நிறுத்தாமல். பாதி இழுத்து, நிறுத்தி, குறி சரிபார்த்து, மிச்சத்தை வெடுக்கென்று இழுப்பது பெரும்பாலோரின் பழக்கம், அந்த வெடுக்கில்தான் குண்டு கீழே போகிறது. ஒரே வேகத்தில், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, முன் முனையைப் பார்த்தபடியே இழுங்கள். விரல்நுனியால் இழுக்கும் பிஸ்டல் பாடம் இங்கே வேலைக்கு ஆகாது, விரலை முதல் மூட்டு வரை உள்ளே விட்டால்தான் பலம் கிடைக்கும்.

இழுப்பதில் பாதிதான் வேலை. சுட்ட பிறகு ட்ரிகர் முழுக்க முன்னால் வரும்வரை விரலைத் தளர்த்த வேண்டும். அவசரத்தில் முக்கால்வாசி மட்டும் விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் ட்ரிகர் முட்டிக்கொள்ளலாம், அல்லது சிலிண்டர் ஓர் அறையைத் தாண்டிப் போகலாம். ‘துப்பாக்கி கெட்டுப்போச்சு’ என்று கொண்டுவரப்படும் பல ரிவால்வர்களில் கோளாறு விரலில்தான்.

வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்யலாமா?

செய்தே ஆக வேண்டும். இந்த ட்ரிகர் வசப்படுவது வீட்டில்தான், ரேஞ்சில் அதைச் சரிபார்க்கிறோம், அவ்வளவே. ஆனால் வீட்டில் நடக்கும் தற்செயல் வெடிப்புகளும் இந்தப் பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் நடக்கின்றன. அதனால் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து பாருங்கள், விரலால் ஒவ்வோர் அறையையும் தடவுங்கள். குறி வைக்கும் பக்கம் குண்டைத் தாங்கும் சுவராக இருக்கட்டும், பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முடிந்ததும் ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுத்து வையுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று தோட்டா போட்ட பிறகு இழுப்பவர்கள்தான் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுடுகிறார்கள்.

பயிற்சித் தோட்டா எனப்படும் போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது நல்லது. .22 ரிவால்வருக்கு அவை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், காலி அறையில் அடித்தால், தோட்டாவைக் குத்தும் முள் அறையின் விளிம்பைச் சிதைக்கலாம்.

பேரலின் மேல், முன் முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன நாணயத்தை யாரையாவது வைக்கச் சொல்லி ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். துப்பாக்கியைத் திறந்து காலி என்று அவரும் பார்த்திருக்க வேண்டும், நாணயம் வைப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், கை பேரலின் வாய்க்கு முன்னால் வரவே கூடாது. தொடக்கத்தில் நாணயம் விழுவது ஹேமர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி அரைச் சென்டிமீட்டர் இழுப்பில்தான். மூச்சு அங்கே நிற்கும், மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், நாணயம் தரையில். மற்ற விரல்களை முதலிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு ட்ரிகர் விரலை மட்டும் அசைக்கப் பழகினால் அது மேலேயே உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விரல் சோர்ந்த பிறகு செய்வது தவறையே பழக்கும்.

ரேஞ்சில் எப்படிப் பழகுவது?

கிட்டத்திலிருந்து தொடங்குங்கள்: 3 மீட்டர், அப்புறம் 5, அப்புறம் 7. வாட்கட்டர் போன்ற லேசான தோட்டாவில் பெரும்பகுதியைச் சுட்டுவிட்டு, கடைசிச் சிலிண்டரைத் தற்காப்புத் தோட்டாவில் முடிக்கலாம். ஐம்பது தோட்டா போதும். அதற்கு மேல் கை வலிக்கும், வலிக்கும் கை மிரளும்.

மிரட்சியைப் பிடிக்க ரிவால்வரைப் போன்ற கருவி இல்லை. மூன்று தோட்டாவும் இரண்டு காலிக் கூடுகளும் கலந்து நிரப்புங்கள். பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மெல்ல மூடுங்கள். எது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாது. காலிக் கூட்டின் மேல் ஹேமர் விழும்போது பேரல் கீழே குத்தினால், உதைப்புக்கு முன்பே கை அதை எதிர்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம். வெடிக்கும் தோட்டாவில் இந்தக் குத்தலை உதைப்பு மறைத்துவிடும், காலிக் கூட்டில் மறைக்க எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர்கூடப் பார்த்துவிடுவார். பேரல் அசையாமல் ‘டக்’ என்று மட்டும் கேட்கும்வரை இதைத் தொடருங்கள்.

அடுத்து ஒரு கையால். மற்றக் கை குழந்தையையோ கதவையோ பிடித்திருக்கலாம். பிறகு இடது கையால். அழகாக வராது, பரவாயில்லை.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். குட்டை பேரலின் சத்தம் காதுக்கு மிக அருகில் வெடிக்கிறது, நிரந்தரச் சேதத்துக்கு ஒன்றே போதும். உள்ளரங்கு ரேஞ்ச் என்றால் நுரை அடைப்பானும் மேலே மூடியும் சேர்த்துப் போடுங்கள். முடிந்ததும் எதையும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் ஈயம் இருக்கும்.

ஐந்து தோட்டா போதுமா? மறுபடி நிரப்ப எதை வைத்துக்கொள்வது?

அந்த இடத்தை விட்டுத் தப்பிக்க வழி உண்டாக்கும் கருவி என்று இதைப் பார்த்தால், போதும். விலகிப் போக முடிகிற இடத்தில் விலகிப் போவதுதான் முதல் தற்காப்பு. பலரோடு மோதும் எண்ணம் இருந்தால் இது தவறான கருவி, எண்ணமும் தவறு. தவறிய குண்டும் எங்கோ போய்த்தான் நிற்கும், அதற்கும் நீங்களே பொறுப்பு.

கூடுதல் தோட்டாவுக்கு இரண்டு வழிகள். ஐந்தையும் ஒன்றாக இறக்கும் வட்டமான ஸ்பீட் லோடர் வேகம், ஆனால் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் போலத் துருத்தும். ரப்பர் பட்டையில் தோட்டாக்கள் வரிசையாகச் செருகிய ஸ்ட்ரிப் தட்டை, பர்ஸ் மாதிரி கிடக்கும், வேகம் குறைவு. எடுத்துச் செல்வதற்கு நான் ஸ்ட்ரிப் பக்கம்.

நிரப்பும் விதத்தில் ஒரே விதியை நினைவில் வையுங்கள்: காலி செய்யும்போது பேரலின் வாய் மேலே, நிரப்பும்போது வாய் கீழே. குட்டை ரிவால்வரின் எஜெக்டர் கம்பியும் குட்டைதான், காலிக் கூடுகளை முழு நீளத்துக்குத் தள்ளாது. பேரலை வானம் பார்க்கத் திருப்பி, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடியாக அடித்தால் கூடுகள் தம் எடையிலேயே விழும். துப்பாக்கியைப் படுக்க வைத்து மெல்ல அழுத்தினால் ஏதாவது ஒரு கூடு பாதியில் நின்று, எஜெக்டரின் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதன் பிறகு தகடு மூடாது, சிலிண்டரும் மூடாது, நகத்தால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். எந்தக் கைத்துப்பாக்கியிலும் இதைவிட எரிச்சலான சிக்கலைப் பார்ப்பது அரிது.

இரண்டு தோட்டா மட்டும் கைக்குக் கிடைத்தால் எந்த அறையில் போடுவது என்பதும் தெரிய வேண்டும். பின்னாலிருந்து பார்க்கையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர் சிலிண்டர்கள் இடப்பக்கமாகச் சுழலும், கோல்ட் வலப்பக்கமாக. ட்ரிகரை இழுத்தால் அடுத்து மேலே வரும் அறையில் தோட்டா இருக்க வேண்டும்.

சினிமாவில் வருவது போல மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும், ரிவால்வர் துல்லியத்தை இழக்கும்.

பாக்கெட்டில் அப்படியே போடலாமா?

கூடாது. ட்ரிகரை முழுதாக மூடும் பாக்கெட் உறை வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, சாவி இல்லை, சில்லறை இல்லை, கைக்குட்டைகூட இல்லை. எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். காலித் துப்பாக்கியோடு கண்ணாடி முன் நின்று எடுத்துப் பாருங்கள், உறையோடு சேர்ந்து வந்தால் வேறு உறை வாங்குங்கள். உட்கார்ந்தபடியும், காரில் பெல்ட் போட்டபடியும் எடுத்துப் பார்த்தால் பாக்கெட்டின் குறை தெரியும்: உட்கார்ந்த நிலையில் பெரும்பாலோருக்குக் கை உள்ளேயே போகாது. உறைக்குள் திருப்பி வைக்கும்போது அவசரம் வேண்டாம், உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் விடுங்கள்.

கைப்பை வேண்டாம் என்பேன். பை கீழே வைக்கப்படும், பறிக்கப்படும், பிள்ளைகள் மிட்டாய் தேடிக் கை விடுவார்கள்.

சுட்டபோது வெடிக்கவில்லை. என்ன செய்வது?

ஆபத்து நேரத்தில் மறுபடி இழுங்கள், அவ்வளவுதான். ரேஞ்சில் அப்படி அல்ல: பேரலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. ‘புஸ்’ என்று சத்தமும் உதைப்பும் குறைவாகத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கலாம்.

ட்ரிகரை லேசாக்க ஸ்பிரிங் மாற்றலாமா?

தற்காப்புத் துப்பாக்கியில் வேண்டாம். ஹேமரின் ஸ்பிரிங்கை லேசாக்கினால் அடியும் லேசாகும், சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். காலியாக இழுத்துப் பழகப் பழக உள் பாகங்கள் தாமே உரசி வழவழப்பாகிவிடும், விரலும் பலப்படும்.

முன் முனைக்கு நிறம் பூசுவது வேறு விஷயம், அதைச் செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முதலில் வெள்ளை நகப்பூச்சு, அது காய்ந்ததும் பளிச்சென்ற ஆரஞ்சு. வெள்ளை அடித்தளம் இல்லாமல் ஆரஞ்சு மங்கித் தெரியும்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கே வைப்பது?

உங்கள் உடம்பில், அல்லது பூட்டிய பெட்டியில். மூன்றாவது இடம் கிடையாது. அலமாரி உச்சி, தலையணை அடி, துணி மடிப்புக்குள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். ட்ரிகர் கனமாக இருப்பதால் குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்ப வேண்டாம், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் முடியும், அப்போது பேரல் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்திருக்கும்.

வெளியிலிருந்து வந்து காலி செய்யும்போது எண்ணுங்கள். ஐந்து போட்டால் உள்ளங்கையில் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருக்கிறது என்றால் தேடுவது சிலிண்டரில் தொடங்கட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

சுட்ட அன்றே. சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாக்கெட் பஞ்சு எங்கெல்லாம் புகும் என்று அப்போது தெரியும். காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள், அங்கே சிக்கிய எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு போதும், சிலிண்டர் இறுகிச் சுழல மறுக்கும். எஜெக்டர் கம்பி திருகுடையது, கழன்று முன்னால் நீண்டால் சிலிண்டர் திறக்காது, கையால் திருகிப் பாருங்கள். மேக்னம் ரிவால்வரில் .38 நிறையச் சுட்டிருந்தால் அறைகளுக்குள் கரிவளையம் படிந்திருக்கும், செம்புப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால்தான் நீளமான தோட்டா தடையில்லாமல் இறங்கும்.

எண்ணெய் துளிதான். அறைகளில் வழிய விட்டால் தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டிக்குள் கசிந்து அதைச் செத்துப்போகச் செய்யலாம். வியர்வையோடு பாக்கெட்டில் கிடந்த தோட்டாக்களை வருடம் ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.